ஒன்பது அங்குலம்

திருநெல்வேலி டவுண்
ஐப்பசி, மழை விட்ட ஒரு சாயங்காலம்

அன்புள்ள சுப்பையா,

இங்கே நலம், அங்கேயும் அப்படித்தானே? எனக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது, சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பேத்தி பத்தாம் வகுப்பு. குசலம் இத்தோடு முடிந்தது. நீ போட்ட இரண்டு கடிதத்துக்கும் ஏழு மாசமாகப் பதில் போடாதது என் குற்றம்தான். ஆனால் இதைப் படித்து முடிக்கும்போது கூண்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.

எங்கள் வீடு கண்காட்சிக்கு வந்துவிட்டது.

சிரிக்காதே. வாகையடி முக்குக்குப் பின்னால் இருக்கிற அதே வீடுதான். நீயும் நானும் மச்சில் ஒளிந்துகொண்டு பீடி குடித்து ஆச்சியிடம் மாட்டிய வீடு. கோடையில் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். டவுணில் ஏழு பழைய வீடுகளை அளந்து படம் வரையப்போகிறோம் என்றார்கள். ஒரு நாள் என் பக்கம், மறுநாள் அண்ணன் பக்கம். கையில் சின்னப் பெட்டி ஒன்று. அமுக்கினால் எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிறது, தூரம் எத்தனை என்று அதுவே சொல்கிறது. ஆனாலும் அறை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க டேப்பைத்தான் எடுத்தார்கள். மூலைக்கு மூலை குறுக்கே பிடித்து, இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் மூலை நேர். நம் கொத்தனார் மூலைமட்டம் வைத்துப் பார்க்கிற அதே வேலை. எங்கள் வீட்டில் ஓர் அறையிலும் ஒன்றாக வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு இடத்துக்கும் என்ன பெயர் என்று கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டார்கள். பேத்தி "ஹால்" என்றாள். நான் விடவில்லை. முன்பக்கம் தார்சா, உள்ளே பெரிய கூடம் பட்டாசல், மேலே திறந்த முற்றம் வானவெளி, பாத்திரம் கழுவுகிற இடம் அங்கணம், பின்னால் புறவாசல் என்று ஒப்பித்தேன். அங்கணத்தை மட்டும் மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது.

புரட்டாசியில் பாளையங்கோட்டையில் சின்னக் காட்சிக்கூடம் ஒன்றில் வைத்தார்கள். பேத்தி இழுத்துக்கொண்டு போனாள். நுழைந்ததும் சுலோசன முதலியார் பாலம், அட்டையில். பதினொரு கமானும் கச்சிதம். 1843இல் ஒரு மனுஷன் தன் சொந்தக் காசில் அதைக் கட்டிக்கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருந்தது. அதன்மேல் இரண்டு பேர் டபுள்ஸ் அடித்து யாரிடம் மாட்டினார்கள் என்று எழுதவில்லை; அதை நான் பேத்தியிடமும் சொல்லவில்லை.

அடுத்த சுவரில் எங்கள் வீடு. ஒன்றுக்கு ஐம்பது அளவில் வரைந்திருக்கிறார்கள். நூற்றிருபது அடி நீள வீடு எழுபத்துமூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிக் கிடக்கிறது. தரைப்படம் ஒன்று, அதன் கீழே வெட்டுத்தோற்றம். வாழைத்தண்டை நெடுக்க வகுந்த மாதிரி வீட்டை வாசலிலிருந்து புறவாசல்வரை பிளந்து காட்டியிருந்தார்கள். வீட்டுக்கூரையான மட்டப்பாவின் உள்ளே என்ன இருக்கிறது என்று இத்தனை வயசுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். தேக்குக் கட்டைகளின்மேல் செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து, சாய்வாட்டமாக வரிசை கட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்து. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரை அதில் விட்டிருப்பார்கள் என்று தாத்தா சொல்வார். நாம் கதை விடுகிறார் என்று நினைத்தோம். பிள்ளைகளும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள்.

எல்லாம் சரி, எனக்குக் கோபமும் வந்தது. ஏசி போட்ட கூடம், வெள்ளைச் சுவர், விளக்கமெல்லாம் இங்கிலீஷ். தார்சா என்கிற ஒரு சொல்லைத் தமிழில் போட்டு மரியாதை செய்திருந்தார்கள். அம்மாவின் ஆட்டுரல் அந்தப் படத்தில் ஒரு வட்டம், நடுவில் சின்ன வட்டம். அவ்வளவுதான் அவள் நாற்பது வருஷம் உட்கார்ந்த இடம். ஓர் அம்மாள் என்னிடம் வந்து, "இந்த வீடு இப்பவும் இருக்கா சார்?" என்று கேட்டாள். "இன்னைக்குக் காலையில அங்கதான் இட்லி சாப்பிட்டேன்" என்றேன். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நீ என்னை டெல்லி பிரகதி மைதானில் புத்தகச் சந்தைக்குக் கூட்டிப்போனாயே, முக்கோணம் முக்கோணமாகக் கான்கிரீட்டைப் பின்னி, நடுவில் தூணே இல்லாமல் நிறுத்திய மண்டபம், நினைவிருக்கிறதா? கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972இல் கட்டியது. 2017 ஏப்ரலில் ராத்திரியோடு ராத்திரியாக இடித்துவிட்டார்கள். 2022இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தெற்காசியக் கட்டடங்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தபோது அந்த மண்டபத்துக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். இதை எனக்குச் சொன்னது கண்ணாடி போட்ட ஒரு மாணவி. நீ டெல்லியிலேயே இருந்துகொண்டு ஒரு வரி எழுதவில்லை.

எழுதியதும் என்ன லட்சணம்! 2023இல் டெல்லி ஜெய்ப்பூர் ஹவுஸில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கண்காட்சிக்கு மருமகளோடு போய்விட்டு வந்து, "மரத்தை இலை இலையாக வரைந்து வைத்திருக்கிறார்கள், வேறு வேலை இல்லையா" என்று எழுதினாய். அந்தக் கண்காட்சிக்குத் தலைப்பே 'அங்கேயே போய் நின்றால்தான் ஆகும்' என்கிற மாதிரி ஒன்றுதானே? கட்டடத்தை வாயால் விளக்கவே பிரியப்படாத மனுஷனாம். எனக்கு இப்போது அவர் கட்சி பிடித்திருக்கிறது. ஆனால் பார், நான் அங்கேயே எழுபது வருஷம் நின்றும் ஒரு விஷயம் என் கண்ணில் படவில்லை. அந்தக் காகிதத்தில்தான் பட்டது.

இனி நீ உட்கார்ந்து படி.

வெட்டுத்தோற்றத்தில் காற்றுக்கு அம்புக்குறி போட்டிருந்தார்கள். வாசல் வழியாக நுழைந்து பட்டாசலைத் தாண்டி, வானவெளியில் சூடாகி மேலே போகிற காற்று. பக்கத்தில் இன்னொரு படம், நானும் அண்ணனும் பாகம் பிரித்த 1988க்குப் பிறகு. வானவெளியின் நடுவே சுவர். அம்புகள் அதில் முட்டி மடங்கி நிற்கின்றன. பட்டாசல் இருண்டுபோனதையும் குறித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஏசி வாங்கி கரண்ட் பில் கட்டுகிறோமே, ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்புறம் தரைப்படத்தைப் பார்த்தேன். நடுச்சுவர் நேராக இல்லை. வாசலில் சரியாக நடுவில் தொடங்கி, பின்னால் போகப்போக அண்ணன் பக்கமாகச் சாய்கிறது. புறவாசலில் என் பங்கு ஒன்பது அங்குலம் கூட, அவர் பங்கு ஒன்பது அங்குலம் குறைச்சல். படத்தில் அது நாலரை மில்லிமீட்டர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பேத்தி போனிலேயே கணக்குப் போட்டாள்: நாற்பத்தைந்து சதுர அடி.

அண்ணன் கட்டில் கதையை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்திருப்போம்! "கட்டில் நுழையல, கட்டில் நுழையல" என்று அவர் கத்தியதை நீ நடித்துக் காட்டுவாய், நான் பின்பாட்டு. கட்டில் நிஜமாகவே நுழைந்திருக்காது, சுப்பையா. கிணற்றை விட்டுக்கொடுத்தவன் நான், ஏமாந்தவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா திவசத்தைக்கூட ஆளுக்கொரு பக்கமாகக் கொடுத்தோம். பதினொரு வருஷமாகப் பேச்சே கிடையாது. அவருக்கு இப்போது எழுபத்தெட்டு. ஒரே கூரைதான், ராத்திரி அவர் இருமினால் எனக்குத் தூக்கம் கெடும்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் அண்ணன் நிற்கிறார். கம்பு ஊன்றிக்கொண்டு, மதினி கையைப் பிடித்தபடி. ஓடவும் வழியில்லை, வாசலில் நோட்டுப் புத்தகத்தில் பெயர் வேறு எழுதியிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு அந்தக் கண்ணாடிப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எல்லாச் சுவரையும் கறுப்பா அடைச்சிருக்கீங்க. இது மட்டும் ஏன் புள்ளி புள்ளியா இருக்கு?"

"அது பின்னாடி வந்த சுவரு தாத்தா. எந்தக் கட்டையும் அது மேல உக்காரல. எடுத்தாலும் வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் தலையை ஆட்டினார். கம்பு நுனியால் படத்தின் பின்கோடியைத் தொடப்போனார், அந்தப் பெண் பதறிப்போனாள். பிறகு என்னைப் பார்த்தார். "கட்டில் நுழையலன்னு அன்னைக்கே சொன்னம்லா ல?"

நான் என்னத்தைச் சொல்ல? "ஆமாண்ணே" என்றேன்.

மறுநாள் மத்தியானம் மதினி ஒரு தூக்குவாளியில் சொதி கொடுத்தனுப்பினாள். என் வீட்டுக்காரி வாளியைக் கழுவி, வெறும் வாளியாகத் தரக்கூடாதே என்று கொஞ்சம் சர்க்கரை போட்டு அனுப்பினாள். அவ்வளவுதான் இதுவரை நடந்தது. சுவரை நகர்த்துவதா, வானவெளியில் மட்டும் இடிப்பதா, நான் பணமாகக் கொடுத்துவிடுவதா, ஒன்றும் முடிவாகவில்லை. சென்னையிலிருந்து மகன் "பத்திரத்தைத் தொடாதீங்க" என்கிறான். அவனுக்கு அந்த வானவெளியில் மழை விழுந்து பார்த்த நினைவே கிடையாது.

இப்போது கூண்டுக்கு வா. பாகம் பிரித்த அன்றைக்குப் புறவாசலில் டேப்பின் சைபர் முனையை என் சுவரோடு பிடிக்க வேண்டியவன் நீ. சுவருக்கு முன்னால் துவைக்கிற கல் கிடந்தது. அதைத் தாண்டிக் குனியச் சோம்பல்பட்டு கல் விளிம்பிலேயே பிடித்திருக்கிறாய். நேற்று அந்த இடத்தை அளந்தேன், கல்லின் தடம் இன்னும் தரையில் இருக்கிறது. சுவரிலிருந்து ஒன்பது அங்குலம். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் உன்னுடையதுதான், அதுவும் பச்சை மையில்.

பொங்கலுக்கு முன்னால் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறி வந்து சேர். நான் அண்ணனிடம் தனியாகப் போய் உட்கார்ந்து பேசத் தைரியம் இல்லை, நீ நடுவில் இருந்தால் பேசிவிடுவேன். அவரே இன்று காலை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகக் கேட்டார்: "ஏல, அன்னைக்கு அந்தச் சுப்பையா டேப்பப் பிடிச்சிக்கிட்டு எங்கல பராக்குப் பாத்துக்கிட்டு நின்னான்?"

பின்வீட்டு மாடித் தட்டட்டியை நான் காட்டிக்கொடுக்கவில்லை. நீ வந்து சொல்லிக்கொள்.

உன்,
கணபதி