அம்மாவுக்கு, அன்னைக்கு ஃபோன்ல சொல்லாம விட்டது

அன்புள்ள அம்மாவுக்கு,

நேத்து நீ ஃபோன்ல "போதும் பாப்பா, கெளம்பி வந்துருங்க"ன்னு சொன்னதுக்கு நான் பதில் ஒண்ணும் சொல்லாம வச்சுட்டேன். ஜப்பான்ல நிலநடுக்கம்னு யாரோ வாட்ஸ்அப்ல அனுப்புன வீடியோவ பாத்துட்டு நீ நைட் பூரா தூங்கலன்னு தம்பி சொன்னான். ஃபோன்ல பேசுனா நீ அழுவ, ஒன்ன பாத்து நானும் அழுவேன், பேச வந்த விஷயம் அப்படியே போயிரும், அதான் எழுதுறேன். இத எல்லாரும் படிக்கிற மாதிரி போடுறேன்னு கோச்சுக்காத, பிள்ளைங்கள ஜப்பானுக்கு அனுப்பிட்டு டிவி முன்னாடி பயந்து உக்காந்திருக்குற அம்மாங்க எத்தனையோ பேரு இருக்காங்க, அவங்களுக்கும் ஆகும். தம்பி எழுத்த பெருசாக்கி காட்டுவான், பொறுமையா படி.

2021 அக்டோபர் 7 ராத்திரி நீ கூப்பிட்டப்போ "ஒண்ணுமில்லம்மா, லேசா ஆடுச்சு, பாப்பா தூங்குது"ன்னு சொன்னேன்ல, அது பொய். பாப்பா தூங்கல, என் கழுத்த கட்டிக்கிட்டு இருந்தா. நான் பாத்ரூம் வாசல்ல தரையில உக்காந்திருந்தேன், எந்திரிக்க கால்ல தெம்பு இல்ல.

இங்க வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. அதுவரைக்கும் வந்ததெல்லாம் சின்னச் சின்ன ஆட்டம்தான், மொத தடவ வந்தப்போ எதிர்த்த ரோட்டுல லாரி போகுதுன்னுதான் நெனச்சேன். அப்புறம் பாத்தா ஹால் லைட்டுல இருந்து தொங்குற கயிறு, இங்க லைட்டுக்கெல்லாம் இழுத்து அணைக்கிறதுக்கு ஒரு கயிறு இருக்கும், அது மட்டும் தனியா ஆடிக்கிட்டு இருக்கு. ஃபேன் கூட இல்லாத வீட்டுல கயிறு எப்படி ஆடும். அன்னைல இருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துச்சு, கொஞ்சம் தல சுத்துற மாதிரி இருந்தா கூட ஒடனே அந்த கயிறத்தான் பாப்பேன். கயிறு சும்மா இருந்தா என் ஒடம்புக்குத்தான் ஏதோ, கயிறு ஆடுனா பூமிக்கு.

அன்னைக்கு ராத்திரி மணி 10:41. உங்களுக்கு ஏழு பத்து இருக்கும். இவரு இன்னும் ஆபீஸ்ல இருந்து வரல, நான் பாப்பாவுக்கு அடுப்புல பால் வச்சிருந்தேன். ஃபோன்ல இருந்து ஒரு சத்தம் வந்துச்சும்மா, அப்படி ஒரு சத்தத்த நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல, பின்னாடியே ஒரு குரல், "ஜிஷின் தேசு, ஜிஷின் தேசு"ன்னு, நிலநடுக்கம் நிலநடுக்கம்னு அர்த்தம். சத்தம் வந்த கையோட வீடு ஆட ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல கீழ இருந்து யாரோ தரைய முட்டுற மாதிரி, அப்புறம் பக்கவாட்டுல இழுத்து இழுத்து விடுற மாதிரி. பால் பாத்திரம் அடுப்ப விட்டு நகந்து பாதி பால் கொட்டிருச்சு, ஷெல்ஃப்ல இருந்த எவர்சில்வர் டம்ளர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு ஒரே சத்தம், நீ சீதனமா குடுத்த பீரோவ போலவே இங்க ஒண்ணு வாங்கி வச்சிருந்தோம்ல, அது முன்னாடி சாஞ்சு சாஞ்சு பின்னாடி போகுது. அதுக்கு நேர் கீழதான் பாப்பாவோட படுக்க. அவ பால் கேட்டு எங்கிட்ட வந்திருந்தா, இல்லன்னா அங்கதான் படுத்திருப்பா. இத இத்தன வருஷமா உங்கிட்ட சொல்லவே இல்ல.

எவ்ளோ நேரம்னு கேட்டா ஒரு நிமிஷம் கூட இருக்காது. ஆனா அந்த நேரத்துல நான் ஒண்ணுமே செய்யலம்மா. மேசைக்கு அடியில போகணும், தலைய மூடணும்னு வந்த புதுசுலயே நோட்டீஸ் குடுத்தாங்க, படிச்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வேற வச்சிருக்கேன், அப்பவும் பாப்பாவ தூக்கிக்கிட்டு நடு ஹால்ல நின்னு "முருகா முருகா"ன்னு கத்திக்கிட்டு இருந்தேன். நின்ன அப்புறமும் நிக்காத மாதிரியே இருந்துச்சு, படகுல போயிட்டு எறங்குனா தரை ஆடுமே அதே மாதிரி ரெண்டு நாளு. இதுக்கு இவங்க பாஷையில தனியா பேரே இருக்கு, நிலநடுக்க மயக்கம்னு.

டோக்கியோவுல நாங்க இருக்குற அடாச்சி பக்கம்தான் அன்னைக்கு அதிகமா ஆடுன எடத்துல ஒண்ணு. 2011 மார்ச்சுல வந்த பெரிய நிலநடுக்கத்துக்கு அப்புறம் டோக்கியோ நகரத்துக்குள்ள அவ்ளோ ஆடுனது அதான் மொத தடவன்னு மறுநாள் நியூஸ்ல சொன்னாங்க. நீ வீடியோ கால்ல பாத்து "பொம்ம ரயில் மாதிரி இருக்கே"ன்னு சொன்னியே, மேம்பாலத்துல டிரைவர் இல்லாம ஓடுற நிப்போரி தொனேரி லைனர், அது தடத்த விட்டு எறங்கி நின்னுருச்சு. ரயில் எல்லாம் நின்னு போனதால இவரு நடந்தே வந்து சேந்தப்போ மணி ரெண்டு தாண்டிருச்சு. அன்னைக்கு ராத்திரி அடுப்பு பத்தவே இல்ல, ரிப்பேர் ஆயிருச்சுன்னு நெனச்சு பச்சத்தண்ணியத்தான் பாப்பாவுக்கு குடுத்தேன்.

மறுநாள் காலையில கீழ்வீட்டு பாட்டி கதவ தட்டுனாங்க. எண்பத தாண்டுன மனுஷி, என் ஜப்பானிய மொழி அவங்களுக்கு பாதிதான் புரியும், அவங்க பேசுறது எனக்கு கால்வாசி. கைய புடிச்சு வெளிய கூட்டிட்டு போயி காஸ் மீட்டர காட்டுனாங்க. செவப்பு லைட் மின்னிக்கிட்டு இருக்கு. பலமா ஆடுனா மீட்டரே தானா காஸ அடச்சிருமாம், ஒரு பட்டன அமுக்கிட்டு மூணு நிமிஷம் சும்மா விட்டா, எங்கயும் லீக் இல்லன்னு அதுவே பாத்துட்டு தெறந்து விட்டுரும். எங்கூடவே நின்னு அந்த மூணு நிமிஷத்தையும் வாட்ச்ச பாத்து எண்ணுனாங்க. நீ எப்பவும் சொல்லுவியே, ஆடுனா மொதல்ல அடுப்ப அணைன்னு. இங்கயும் முன்னாடி அப்படித்தான் சொல்லுவாங்களாம். 1923 செப்டம்பர் 1, மதியம் பன்னெண்டாக ரெண்டு நிமிஷம் இருக்கும்போது டோக்கியோவுல பெரிய நிலநடுக்கம், வீட்டுக்கு வீடு அடுப்பு எரியிற நேரம், ஒரு லட்சம் பேருக்கு மேல செத்தாங்க, அதுல பெரும்பாலும் தீயாலதான். இப்ப மீட்டர் தானா அடச்சிர்றதால, மொதல்ல ஒன் தலைய காப்பாத்திக்க, ஆட்டம் நின்ன பிறகு அடுப்ப பாருங்கிறாங்க. ஆடும்போது அடுப்புகிட்ட ஓடி கொதிக்கிற எண்ணெய மேல ஊத்திக்கிறதுதான் ஆபத்து. அந்த ஒரு பேச்சுலயே எனக்கு பாதி பயம் எறங்குச்சு.

அப்புறம் பாட்டி வீட்டுக்குள்ள வந்து அந்த பீரோவையும் அதுக்கு கீழ இருந்த பாப்பா படுக்கையையும் மாறி மாறி பாத்தாங்க. ஒண்ணும் பேசல. மதியமே அவங்க மகன் ரெண்டு முட்டுக் கம்பியோட வந்தாரு, பீரோ தலைக்கும் கூரைக்கும் நடுவுல வச்சு திருகி இறுக்குறது, சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும். மாட்டி முடிச்ச பிறகு பாட்டியே பீரோவ ரெண்டு கையாலயும் புடிச்சு உலுக்கி பாத்தாங்க, அப்பவும் நம்பாம பாப்பா படுக்கைய அவங்களே இழுத்து ஜன்னலும் பீரோவும் இல்லாத சுவத்தோரம் போட்டாங்க. 1995ல கோபே நகரத்துல வந்த நிலநடுக்கத்துல ஆறாயிரத்துக்கு மேல செத்தாங்களே, விடியக்காலம் 5:46, எல்லாரும் தூங்குற நேரம், வீடும் சாமானும் மேல விழுந்து நசுங்கித்தான் அதிகம் பேரு போனாங்க. எங்க பில்டிங் 1981 ஜூன்ல வந்த புது கட்டட சட்டத்துக்கு அப்புறம் கட்டுனது, வீடு பாக்குறப்போ இவரு மொதல்ல கேட்டதே அதத்தான்.

டிவில நம்பர பாத்து பயப்படுறியே, அதப் பத்தி ஒண்ணு சொல்லணும். கோயில்ல போடுற அதிர்வேட்டு எவ்ளோ பெருசுங்கிறது ஒரு கணக்கு, அது நம்ம வீட்டு ஜன்னல்ல எவ்ளோ அதிருதுங்கிறது வேற கணக்கு. நம்ம டிவில ஏழு புள்ளி நாலுன்னு சொல்றது வேட்டோட அளவு. இங்க ஆளுக்கு ஆள் மொதல்ல கேக்குறது ரெண்டாவது கணக்கு, அதுக்கு பேரு ஷிந்தோ, சைபர்ல இருந்து ஏழு வரைக்கும், அஞ்சுக்கும் ஆறுக்கும் மட்டும் கீழ்ப்படி மேல்படின்னு ரெண்டு ரெண்டு உண்டு. 2022 மார்ச் 16 ஃபுகுஷிமா கடல்ல 7.4 வந்துச்சு, அங்க ஷிந்தோ ஆறு மேல்படி, ஷிங்கன்சென்னு சொல்ற புல்லட் ரயிலே தடம் புரண்டுச்சு, எங்க பக்கம் நாலுதான். ரொம்ப நேரம் மெதுவா ஊஞ்சல் மாதிரி ஆடுச்சு, கரண்ட் போச்சு, டோக்கியோ சுத்துவட்டாரத்துல இருபது லட்சம் வீட்டுக்கு மேல இருட்டு. ஆனா 2021ல பக்கத்துலயே வந்தது 5.9தான், அதுலதான் என் உசுரு போயி வந்துச்சு. அதனால இனிமே டிவி நம்பர பாக்காத, "ஒங்க ஊர்ல ஷிந்தோ எத்தன"ன்னு எங்கிட்ட கேளு.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன், இத எழுதத்தான் நேத்துல இருந்து யோசிச்சேன்.

நீ பயப்படுறது பூமி ஆடுறதுக்கு இல்லன்னு எனக்கு தெரியும்மா. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கெழம, நான் ஏழாங்கிளாஸ். அக்கரைப்பேட்டையில இருந்து மீன் கொண்டு வர்ற அக்கா வரும்னு நீ புளி கரைச்சு வச்சிருந்த. ரோட்டுல ஆளுங்க ஓடி வந்தாங்க, "கடல் உள்ள வந்துருச்சு"ன்னாங்க, நீ என்னையும் தம்பியையும் இழுத்துக்கிட்டு செருப்பு கூட போடாம ஓடுன. மூணு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தப்போ அந்த புளித்தண்ணி சட்டியில நொரச்சு போயி இருந்துச்சு. அந்த அக்கா அப்புறம் வரவே இல்ல. நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க.

நான் இங்க வந்த பிறகுதான் அந்த நாளோட மணிக்கணக்க ஒக்காந்து பாத்தேன். சுமத்ராகிட்ட பூமி ஆடுனது நம்ம நேரம் காலையில ஆறரை. நம்ம கரைக்கு தண்ணி வந்தப்போ கிட்டத்தட்ட ஒம்போது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சும்மா. ரெண்டு மணி நேரத்துல அக்கரைப்பேட்டையில இருந்து தவழ்ந்து கூட தப்பிச்சிருக்கலாம். நம்ம பக்கத்துல சொல்றதுக்கு அப்ப ஒரு ஏற்பாடே இல்ல. இத நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

இங்க ஃபோன் அலறுதே, அது எப்படின்னு இவரு எனக்கு வெளக்குனாரு. பூமி ஒடையும்போது ரெண்டு அலை கெளம்புமாம், மொத அலை வேகமா வரும், ஆனா பெருசா ஒண்ணும் பண்ணாது, ரெண்டாவதுதான் மெதுவா வந்து வீட்ட ஆட்டும். நாடு பூரா கருவி பொதச்சு வச்சு மொத அலைய புடிச்சு, ரெண்டாவது வர்றதுக்குள்ள சொல்லிர்றாங்க. கெடைக்கிறது சில செகண்டுதான், பக்கத்துலயே வந்தா அன்னைக்கு மாதிரி அதுவும் இல்ல. ஆனா அந்த சில செகண்டுக்காக இவ்ளோ செலவு பண்ணி, இவ்ளோ பேரு ராத்திரி பகலா முழிச்சிருக்காங்க. இது எல்லாருக்கும்னு ஆரம்பிச்சது 2007 அக்டோபர்ல. நம்ம நாட்டுல ஹைதராபாத்ல சுனாமி எச்சரிக்கை மையம் தெறந்ததும் அதே 2007 அக்டோபர்லதான். அத படிச்சப்போ எனக்கு அந்த மீன்கார அக்கா மொகம்தான் வந்துச்சு.

2024 ஜனவரி 1, ஜப்பான் மேற்குக் கரையில இருக்குற நோட்டோவுல 7.6 வந்தப்போ நாங்க வீட்லதான் இருந்தோம். எங்க லைட் கயிறு மெதுவா ஆடுச்சு, அவ்ளோதான், ஆனா டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணு கத்துறாங்க. செய்தி வாசிக்கிறவங்க அப்படி கத்தி நான் பாத்ததில்ல, இப்பவே ஓடுங்க, திரும்பி வராதீங்கன்னு அதட்டுறாங்க, ஸ்க்ரீன்ல சின்னப் பிள்ளைங்களும் படிக்கிற எழுத்துல சுனாமி, ஓடுன்னு பெருசா போட்டிருக்கு. அங்கயும் பழைய வீடுங்க விழுந்து நெறைய பேரு செத்தாங்க, அத உங்கிட்ட மறைக்கல. ஆனா அந்த கத்தல கேட்டு நான் டிவி முன்னாடி நின்னு தேம்பித் தேம்பி அழுதேன், இவரு பயந்துட்டேன்னு நெனச்சாரு. பயம் இல்லம்மா. நமக்கு யாரும் இப்படி கத்தலியேன்னுதான்.

ஒன் பேத்திய பத்தி சொல்லணும். ஒண்ணாங்கிளாஸ் போக ஆரம்பிச்சிட்டாள்ல, நாற்காலியில ஒரு பஞ்சு தொப்பி வச்சிருக்கு, ஆடுனா எடுத்து தலையில மாட்டணும். ஓ-க-ஷி-மோன்னு பாட்டு மாதிரி சொல்றா, தள்ளாத, ஓடாத, பேசாத, திரும்பிப் போகாதன்னு நாலு சொல்லோட மொத எழுத்து. போன மாசம் சோத்துக்கு உக்காந்திருக்கோம், லேசா ஆடுச்சு, ஷிந்தோ மூணு இருக்கும், நான் கயிறப் பாக்குறதுக்குள்ள அவ தட்ட தள்ளி வச்சுட்டு மேசைக்கு அடியில போயி மேசக்கால ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டா, அங்க இருந்து என் நைட்டிய புடிச்சு இழுத்து "அம்மா, தலை"ங்குறா. நானும் அடியில போனேன். ரெண்டு பேரும் முட்டி மடக்கி உக்காந்து, நின்னதுக்கு அப்புறம் அவளே வெளிய வந்து விட்ட எடத்துல இருந்து ரசஞ்சோத்த சாப்பிட ஆரம்பிச்சிட்டா. நான் முருகான்னு கத்திக்கிட்டு நின்ன அதே ஹால்தான் அது.

அதனால இப்ப வரலம்மா. எனக்கு இன்னும் பயம் இருக்கு, அந்த அலாரம் அடிச்சா நெஞ்சு இன்னும் அடிச்சிக்குது, ஆனா அந்த பயத்துக்கு இப்ப கை கால் இருக்கு, என்ன செய்யணும்னு தெரியும். எங்களுக்கு சாயங்காலம், உங்களுக்கு மதியம் இருக்கும்போது நீ வீடியோ கால்ல "என்ன அது கோயில் மணி கணக்கா கேக்குது"ன்னு கேப்பியே, அது எங்க தெரு ஸ்பீக்கர். அவசரத்துக்கு வச்சிருக்குற ஸ்பீக்கர் வேல செய்யுதான்னு தெனமும் பாட்டு போட்டு பாக்குறாங்க.

நீ எனக்கு ரெண்டு காரியம் செய்யணும். அடுத்த தடவ இங்க ஆடுச்சுன்னு செய்தி வந்தா ஒடனே கூப்பிடாத, எல்லாரும் கூப்பிட்டா லைன் கெடைக்காது, கெடைக்கலன்னா நீ இன்னும் பயப்படுவ. "நல்லாருக்கோம்"னு ஒரே ஒரு மெசேஜ் தம்பிக்கு வரும், அத மொதல்ல பாரு. இன்னொண்ணு, வாசக்கதவு பக்கத்துல ஒரு பை மாட்டி வச்சிருக்கோம், தண்ணி, டார்ச், மாத்திரை, பாப்பாவுக்கு ஒரு செட் துணி. அதுல நீ அனுப்புன பருப்புப் பொடியும் ஒரு பாக்கெட் இருக்கு, வீட்ட விட்டு வந்து ஸ்கூல் ஜிம்ல பாய் போட்டு படுக்க வேண்டி வந்தா சுடுசோறு கெடைச்சா போதும், பெசஞ்சு சாப்டுக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மாத்தணும், மார்ச்சுல ஒண்ணு, செப்டம்பர்ல ஒண்ணு. செப்டம்பர் வரப்போகுது. கொஞ்சம் காரம் கம்மியா, பாப்பாவும் சாப்பிடுற மாதிரி அரைச்சு அனுப்பு.

ஒன் பாப்பா