பெட்டிக்கு ஓர் அளவு வேண்டும்

பட்டர்வொர்த்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் கடிதம். உனக்கு வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறாள். இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்கு ஒரு நகைப் பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். மூன்று மாதமாகப் பின்கட்டில் இதே வேலைதான். பால் மரப் பலகை, ரப்பர் மரம்தான். ஃபேக்டரியில் மிச்சம் விழுந்த துண்டுகள், என் பழைய முதலாளி தவுக்கே காசு வாங்கவில்லை. தேக்கில் செய்யக் கூடாதா என்று சித்தப்பா கேட்டார். உன் பாட்டி இருட்டில் எழுந்து போய்ப் பால் வெட்டிய மரமாயிற்றே! அந்தக் காலத்தில் பால் நின்றுவிட்டால் அது விறகுக்குத்தான் போகும். இப்போது மருந்து ஏற்றி, சூளையில் காயவைத்து, மேசை நாற்காலியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பாட்டியின் தோட்டத்தில் இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது.

பெட்டியை முதலில் ஆறு பக்கமும் மூடி ஒட்டிவிட வேண்டும். அப்புறம்தான் சுற்றிலும் அறுத்து மூடியைப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் மரத்தின் ரேகை மூடியிலும் பெட்டியிலும் ஒரே ஓட்டமாக வரும். அறுக்கும்போது கை நடுங்கிவிட்டது. 62 வயதாகிறதே. ஒரு மூலையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் தெரியாது, நீ கண்டுபிடித்துவிடுவாய்.

அடிப்பலகையை ஒட்டவில்லை, பள்ளத்துக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஈரத்தில் பலகை உப்பும், உங்கள் ஊர் ஹீட்டரில் சுருங்கும். ஒட்டினால் பிளந்துவிடும். ஆட்டினால் லேசாகச் சத்தம் வரும், பழுது என்று நினைத்து நீ பசை போட்டுவிடாதே. கீல் பித்தளை. பித்தளைத் திருகாணி மெத்தென்று இருக்கும், பலமாக முறுக்கினால் முறிந்துவிடும். முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றிக் கழற்றி வழி செய்துவிட்டு, அப்புறம் பித்தளையை ஏற்றினேன். உள்ளே எண்ணெய் பூசினால் மூடிய பெட்டியில் வாடை நிற்கும் என்று அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போனோம். அம்மா உன் பேருக்கும் மாப்பிள்ளை பேருக்கும் அர்ச்சனை செய்தாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இனி உள்ளே அறை தடுக்க வேண்டும். வளையலுக்கு அகலமாக ஒன்று, கம்மலுக்குச் சின்னதாக ஆறு. தாலிக்கொடிக்கு நீளமாக ஒன்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன். கழற்றி வைக்கிற நகை இல்லைதான். தீபாவளிக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். குளிர் ஊர், கழுத்து மூடிய சட்டை போட்டிருப்பாய் என்று அம்மா சொன்னாள். அந்தப் படத்தில் சட்டை கழுத்தை மூடியிருக்கவில்லை, பாப்பா.

அந்த அறை வேண்டுமா, வேண்டாமா? அதை மட்டும் எழுது. எந்தப் பதில் வந்தாலும் தடுப்பு வெட்ட எனக்கு அரை மணி நேரம்தான்.

கேட்க எனக்கு என்ன தகுதி என்றும் தெரியும். 1998, ஒரு அமெரிக்க டாலர் 3.80 மலேசிய வெள்ளி என்று கட்டிவைத்த வருஷம். கட்டட வேலை எல்லாம் நின்றுபோய், கதவு நிலை செய்யக் கூப்பிட ஆளில்லை. அம்மாவின் கொடியை அடகுக் கடையில் வைத்தேன். மாதம் 2 சதவீத வட்டி, ஆறு மாதத் தவணை. பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். மீட்கவில்லை. அம்மா கழுத்தில் ஏன் மஞ்சள் கயிறு என்று நீ சாப்பிடும்போது கேட்டாய். எட்டு வயது உனக்கு. உன்னை அறைந்தேன். நீ அழக்கூட இல்லை.

அதற்கப்புறம் நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக் காசுகூட அம்மா வழியாகத்தான் கேட்பாய். என் பிள்ளை யாருக்கும் பாரம் வைக்காது என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். ஏன் கேட்கவில்லை என்று இந்தப் பலகையை இழைக்கும்போதுதான் எனக்கு உறைக்கிறது. அம்மாவிடமும் நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. அந்த அடகுச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

சரி. அத்தை மகன் அடுத்த மாதம் மெல்பர்ன் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மரச் சாமான் என்று விமான நிலையத்தில் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மருந்து ஏற்றிய மரம்தான், பயமில்லை. அதுவரை அந்த ஓரத்தைத் தடுக்காமல் விட்டு வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அரக்கு காய்வதற்காகப் பெட்டியை உன் அறையில்தான் வைத்திருந்தேன். இப்போது எடுத்துவிட்டுத் துடைத்துப் போட்டிருக்கிறேன். கட்டில் அப்படியே இருக்கிறது.

அப்பா