ஒரு வருஷம் ஜமாவோட சுத்தணும் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வாரத்துல ரெண்டு நாள் கிளாஸ் வச்சா நாட்டுப்புறக் கலை பொழச்சுக்கும்ங்கிற மாதிரி உங்க பேப்பர்ல ஒரு கட்டுரை படிச்சேன். கிளாஸ் வேணாம்னு சொல்லல. ஆனா டிகிரி முடிச்ச கையோட செய்யாறு பக்கம் ஒரு தெருக்கூத்து அமைப்புல (கூத்துக் குழுவ நாங்க ஜமான்னு சொல்வோம்) ஒரு வருஷம் ட்ரெய்னியா இருந்தவன் நான், அதனால சொல்றேன், அடவும் பாட்டும் கிளாஸ்ல வந்துடும், கூத்து வராது.

பங்குனி சித்திரைல திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சாங்கன்னா மத்தியானம் பிரசங்கியார் கதை சொல்வாரு, ராத்திரி பத்து மணிக்கு மேல கூத்து ஆரம்பிச்சா விடியற வரைக்கும் ஓடும், வில் வளைப்பு, துகில், அர்ஜுனன் தபசுன்னு ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கதை, கடைசில பதினெட்டாம் போர் முடிஞ்சு காலையில வெயில்ல படுகளம், மண்ணுல செஞ்ச அவ்ளோ பெரிய துரியோதனன் முன்னாடி திரௌபதி கூந்தல் முடியற வரைக்கும் வேஷத்த கலைக்க முடியாது. தூக்கம்லாம் வேன்லதான்.

சீசன் அடங்கினப்புறம் சாவுக் காரியத்துக்கு கர்ண மோட்சம் கேட்டு வருவாங்க. கர்ணன் விழறப்ப முன்னாடி உக்காந்து அழறது செத்தவரோட பொண்டாட்டி புள்ளைங்க, அந்த எடத்துல பாட்ட எவ்ளோ இழுக்கணும் எங்க நிறுத்தணும்னு எந்த சிலபஸ்ல போடுவீங்க? கட்டியக்காரன், அதாவது கூத்துல வர்ற கோமாளி வேஷம் கட்டுற அண்ணன் சாயந்திரமே போய் அந்த ஊர் டீக்கடைல சும்மா உக்காந்துடுவாரு, ஊர் வம்பு எல்லாம் ராத்திரி மேடைல வந்துடும், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் பொட்டி தூக்கினேன், வேஷத்துக்கு மாட்டுற மரக்கட்டை நகைல கண்ணாடித் துண்டு ஒட்டினேன், பின்பாட்டுல கத்தினேன், ரொம்ப நாள் கழிச்சுதான் ஒரு சின்ன வேஷம் குடுத்தாங்க.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல 2002ல கட்டைக்கூத்து (தெருக்கூத்துக்கு இன்னொரு பேரு) குருகுலம்னு ஆரம்பிச்சு ஸ்கூல் படிப்போட கூத்தும் சொல்லிக்குடுத்தாங்க, பொண்ணுங்களும் கத்துக்கிட்டு ஆடினாங்க, அதுவும் 2020ல நின்னு போச்சு. இப்ப முழு நேரமா கத்துக்கணும்னா ஜமா வாத்தியார் கால்லதான் போய் விழணும். அவங்களே வர்ற பணத்த பங்கு போட்டுக்கறவங்க, ட்ரெய்னிக்கு எங்க போவாங்க? எனக்கு சோறும் பஸ் காசும் குடுத்தாங்க, அதுவே பெருசு. என்கூட கத்துக்கிட்ட பையன் என்னவிட நல்லா கிறிக்கி (சுத்தி சுத்தி ஆடறது) அடிப்பான், வீட்ல கஷ்டம்னு பாதியிலயே சிப்காட் ஷூ கம்பெனிக்கு போயிட்டான், அவன எப்படி குத்தம் சொல்றது.

அரசாங்கம் கலைவிழா நடத்துது, நல்ல விஷயம். அதோட சேத்து ஒரு ஜமாவுக்கு ஒரு ட்ரெய்னின்னு வச்சு பங்குனியில இருந்து அடுத்த மாசி வரைக்கும் மாசாமாசம் ஸ்டைபெண்ட் குடுக்கட்டும், சொல்லிக்குடுக்கற வாத்தியாருக்கும் தனியா ஒரு தொகை குடுக்கட்டும். சர்டிபிகேட் அப்புறம் பாத்துக்கலாம்.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். பொங்கலுக்கு மட்டும் கலர்ல போட்டோ போடுறீங்க, அப்ப எங்க ஊர் கோயில்ல பாரதமே கிடையாது. பங்குனி பொறந்ததும் எந்த ஊர்ல எந்த ராத்திரி என்ன கூத்துன்னு உள்ளூர் பக்கத்துல ஒரு சின்ன கட்டம் போடுங்க, ஊருக்கு ஊர் நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்க, உங்க நிருபர் பைக்ல போறப்ப பாத்து எழுதினாலே போதும்.

இப்படிக்கு,
செய்யாறு வாசகர் ஒருவர்