கிழிந்த புத்தகங்களுக்குக் கையெழுத்துப் போடுங்கள்

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கு வணக்கம்.

தொடக்கப் பள்ளியில் 31 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக் காலத்துக்கும் மேல் பள்ளி நூலகத்தின் சாவி என்னிடம்தான் இருந்தது. நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறை மூலையில் ஓர் இரும்பு பீரோ, அவ்வளவுதான். அதைப் பெரும்பாலும் பூட்டியே வைத்திருந்தேன். இதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்புறம் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

பூட்டியதற்குக் காரணம் பயம். புத்தகம் வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவோம். ஆண்டாய்வுக்கு வரும் கல்வி அலுவலர்கள் பதிவேட்டையும் பீரோவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பணியில் சேர்ந்த புதிதில் இரண்டு புத்தகம் குறைந்தது. "யார் பொறுப்பு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். சொந்தக் காசில் வாங்கி வைத்தேன். பெரிய தொகை இல்லை. ஆனால் பிள்ளைகள் கையில் கொடுத்தால் வம்பு, பீரோவில் இருந்தால் நிம்மதி என்று மனசில் பதிந்துவிட்டது. பிறகு ஆண்டாய்வுக்கு முந்தின நாள் தூசி தட்டி அடுக்குவதோடு சரி. புத்தகங்களைப் புதுக்கருக்கு மாறாமல் வைத்திருக்கிறேன் என்று ஒருமுறை பாராட்டுகூட வாங்கினேன்!

ஓய்வு பெறச் சில ஆண்டுகள் இருந்தபோது, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் யானைப் படம் போட்ட கதைப் புத்தகத்தைக் கேட்டு நச்சரித்தான். "நாளைக்கே கொண்டு வரணும், கசங்கக் கூடாது" என்று மிரட்டிக் கொடுத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலோ என்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான். அவன் தங்கச்சி யானையின் தும்பிக்கையைப் பிய்த்துவிட்டாள். அம்மா சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார். அது காய்ந்து அந்தப் பக்கம் மட்டும் மொடமொடவென்று நின்றது. "எவ்வளவுன்னு சொல்லுங்க டீச்சர், கூலி வந்ததும் குடுத்துடறோம்" என்றார். பின்னட்டையைப் பார்த்தேன், 25 ரூபாய்.

அந்தப் பக்கத்தைத்தான் தங்கச்சி திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாளாம். இவன் எழுத்துக்கூட்டிப் படிக்க, அவள் விரலை வைத்து வைத்து இழுத்ததில் தாள் வந்துவிட்டது. வகுப்பில் வாய் திறந்து ஒரு வரி படிக்காத பிள்ளை அவன்.

மறுநாள் முதல் பீரோவைப் பூட்டவில்லை. சுமார் 180 புத்தகங்கள் இருந்தன. இரண்டு ஆண்டுகளில் 11 காணாமல் போயின, முப்பதுக்குக் குறையாமல் கிழிந்தன. செல்லோடேப் ஒட்டியது என் தவறு. ஒரே கோடையில் பழுத்துப் பிசுபிசுத்தது. மைதாப் பசையும் வெள்ளைத்தாளும்தான் நின்றன. காணாமல் போனவற்றுக்கு இந்த முறையும் என் காசுதான். ஆனால் எத்தனை ஆசிரியர்களிடம் அப்படி எதிர்பார்க்க முடியும்?

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்ததை அங்கே எடுத்துக்காட்டுகிறார். அதே 1931-ல்தான் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். அந்தப் புத்தகங்கள் கசங்காமலா திரும்பியிருக்கும்?

விதி வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-ல் 215-ஆவது விதியைப் பாருங்கள். நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, ஓர் ஆண்டில் படிக்கக் கொடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது. பெரியவர்கள் புழங்கும் நூலகங்களுக்கே இந்தச் சலுகை. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தாராளமாக ஒரு கணக்கு வேண்டாமா?

இப்போது தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய கதைப் புத்தகங்கள் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகளுக்கு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சமீபத்தில் நான் போன ஒரு பள்ளியில் 'நுழை' புத்தகங்கள் பீரோவுக்குள் நுழைந்ததோடு நின்றுவிட்டன. அந்த ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (புத்தகம் வெளியே வரும் பள்ளிகளிலும் படித்து முடித்த கையோடு "கதையின் நீதி என்ன?" என்று கேட்டுப் பிள்ளைகளை விரட்டுகிறார்கள். அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.)

நான் கேட்பது இதுதான். அடுத்த ஆண்டாய்வில் இருப்புப் பதிவேட்டுக்கு முன்னால், பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்த நோட்டை வாங்கிப் பாருங்கள். கிழிந்தவற்றைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி, "படித்துக் கிழிந்தது" என்று எழுதி, பதிவேட்டிலிருந்து நீக்கக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றால், மேலே எழுதி ஒரு சுற்றறிக்கை வாங்கித் தாருங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்மா" என்றால் போதாது. நீங்கள் மாறுதலாகிப் போவீர்கள், பதிவேடு அங்கேயேதான் இருக்கும்.

அந்த யானைப் புத்தகம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. 25 ரூபாய் கட்டிவிட்டேன். ரசீது பள்ளியில் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை ஒருவர்