முதலில் ஏரியா, அப்புறம் ஓட்டல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர நகரங்களுக்குச் சுற்றுலா போகிறவர்கள் எப்படித் தங்குமிடம் பார்ப்பது என்று சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நீச்சல் குளம், பால்கனி, கட்டில் அளவு, 'கடல் பார்த்த அறை' என்று ஓட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் இருந்தது. அந்த ஓட்டல் ஊரில் எந்த மூலையில் நிற்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓட்டல் சரியில்லை என்றால் மறுநாள் அறையை மாற்றிக் கேட்கலாம். ஏரியா சரியில்லை என்றால் ஊரை விட்டுக் கிளம்பும்வரை அதைச் சுமக்க வேண்டியதுதான்.

நான் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். துறைமுக ஊர்களே பிழைப்பாக இருந்ததால், எங்கள் குடும்பத்தில் யார் கடலோர ஊருக்குக் கிளம்பினாலும் எனக்கு ஓட்டல் படங்கள் வந்துவிடும். "சித்தப்பா, இது எப்படி?" என்று கேட்பார்கள். படத்தை வைத்து நான் என்ன சொல்வது? விலாசத்தை அனுப்பு, பகல் முழுக்க எங்கே சுற்றப் போகிறாய் என்று சொல், அப்புறம் பார்க்கலாம் என்பேன்.

விஷயம் இதுதான். கடல் இல்லாத ஊரில் நடுவில் தங்கினால் நான்கு திசையிலும் ஊர் இருக்கும். கடலோர ஊரில் ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். கடற்கரையில் அறை எடுத்தவர் ஊரின் நடுவில் இல்லை, விளிம்பில் இருக்கிறார். ஊரும் வட்டமாக வளர முடியாமல் கரையோரமாக நீண்டு கிடக்கும், அல்லது பின்னால் இருக்கும் மலையில் ஏறும், அல்லது விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் தாவும். அதனால் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கும் தூரத்துக்கு அங்கே மரியாதை கிடையாது.

மும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வடக்கு தெற்காக நீண்டது. கொலாபா தெற்கு நுனியில், விமான நிலையம் வடக்கே. சர்ச்கேட்டிலிருந்து அந்தேரி ரயில் பாதையில் சுமார் 22 கிலோமீட்டர். பழைய கட்டடங்களையும் கேட்வே ஆஃப் இந்தியாவையும் பார்க்கப் போகிறவர் தெற்கில் தங்கலாம். அந்தேரியில் வேலையாகப் போகிறவர், கடல் பக்கத்தில் இருக்கிறதே என்று கொலாபாவில் அறை எடுத்தால் தினமும் ஊரின் நீளத்தை அளந்துகொண்டிருப்பார். ஒரே ஓர் ஆறுதல், காலையில் ரயில் கூட்டம் பெரும்பாலும் தெற்கு நோக்கி வரும், இவர் எதிர்த்திசையில் போவார். இந்த மாதிரி சங்கதி எந்த ஓட்டல் விளம்பரத்திலும் வராது.

தென் கொரியாவின் பூசானிலும் இதே கதை. ஹேயுண்டே கடற்கரை பெயர் பெற்றது, எல்லோரும் அங்கேதான் அறை தேடுவார்கள். ஆனால் வெளியூர் ரயில் வந்து நிற்கும் பூசான் நிலையமும் பழைய துறைமுகமும் ஊரின் மறுகோடியில். மெட்ரோவில் போனால் சோமியான் நிலையத்தில் இறங்கி வேறு வழித்தடத்துக்கு மாற வேண்டும். கடலில் குளிக்க மட்டும் வந்தவருக்கு ஹேயுண்டே நல்ல இடம். ஊரையும் பார்க்க வேண்டும் என்றால் சோமியானே தேவலை. அங்கே கடல் தெரியாது, ஆனால் இரண்டு பக்கமும் போகலாம்.

நடுவில் தண்ணீர் வந்துவிட்டால் கணக்கு இன்னும் மாறும். சிட்னியில் மேன்லியிலிருந்து நகர மையத்துக்குப் பெரிய படகில் அரை மணி நேரம். சாலை வழியாகப் போனால் ஸ்பிட் பாலத்தைக் கடக்க வேண்டும். பாய்மரப் படகுகள் போக அந்தப் பாலத்தைக் குறித்த நேரங்களில் தூக்குவார்கள், வண்டிகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கும். மேன்லியில் தங்குகிறவருக்குப் படகுதான் பஸ், அதன் நேர அட்டவணைதான் பஞ்சாங்கம்.

இஸ்தான்புலுக்கு அப்பா அம்மாவோடு போகிற உறவுக்காரப் பையன் ஒருவன், ஆசியக் கரையில் இருக்கும் கடிக்கோய் பகுதி பிடித்திருக்கிறது, ஆனால் பார்க்க வேண்டியதெல்லாம் ஐரோப்பியக் கரையில் இருக்கிறதே என்று குழம்பினான். தாராளமாகத் தங்கு என்றேன். படகில் இருபது நிமிடம்தான், அதுவே ஒரு சுற்றுலா. ஆனால் இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். இரவில் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பது ஒன்று. லோடோஸ் என்கிற தெற்குக் காற்று பலமாக அடித்தால் படகையே நிறுத்திவிடுவார்கள் என்பது இன்னொன்று. அந்த நாளில் 2013-இல் திறந்த மர்மராய் ரயில் கடலுக்கு அடியில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆகவே படகுத்துறைக்கும் அந்த ரயில் நிலையத்துக்கும் நடுவில், இரண்டுக்கும் நடந்து போகிற மாதிரி அறை பார் என்றேன். பார்த்துவிட்டான்.

அடுத்தது மேடு. இதை இளவட்டங்கள் எழுதும் கட்டுரைகளில் நான் பார்த்ததே இல்லை. லிஸ்பனில் என் மனைவிக்கு முழங்கால் பாடம் நடத்தியது. பழமையான அழகு என்று எல்லோரும் கைகாட்டும் அல்ஃபாமா முழுக்கப் படிக்கட்டும் சரிவும்தான். நடைபாதையில் பதித்திருக்கும் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள் பல தலைமுறை நடந்து வழவழவென்று ஆகியிருக்கும், தூறல் போட்டால் சோப்பு தடவிய தரை. நாங்கள் பைஷாவில் தங்கினோம். 1755 நவம்பர் 1 அன்று வந்த நிலநடுக்கமும் சுனாமியும் தீயும் அந்தப் பகுதியைத் துடைத்துப் போட்ட பிறகு, சதுரங்கக் கட்டம்போல நேர்த் தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள். தரை சமதளம். அவள் காலையில் தனியாகவே நடந்து ஆற்றங்கரை வரை போய் வருவாள். பக்கத்து மேடான பைரோ ஆல்ட்டோ பகலில் தூங்கும், இரவில் விழித்துக்கொள்ளும். அங்கே அறை எடுத்தவர்கள் தூங்க முடியவில்லை என்று எழுதும் புகார்களைப் படித்தால், பகலில் போய்ப் பார்த்து அமைதி என்று நம்பியவர்கள் எத்தனை பேரோ என்று தோன்றும்.

சிலி நாட்டின் வால்பரைசோவில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு துண்டு மட்டுமே சமதளம், மீதி ஊர் முழுக்க மலைச்சரிவு. 1883-இல் தொடங்கி மலைக்கு மலை இழுவை ரயில் போட்டிருக்கிறார்கள், நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் விஞ்ச். எல்லாம் எப்போதும் ஓடுவதில்லை, பழுதில் நிற்பவையும் உண்டு. மேலே தங்குகிறவர் தன் மலைக்கான விஞ்ச் ஓடுகிறதா என்று ஓட்டல்காரரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். குரோவேசியாவின் துப்ரோவ்னிக்கில் கோட்டைச் சுவருக்கு உள்ளே வண்டியே வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும். 'பழைய நகரின் மையத்தில்' என்று விளம்பரத்தில் இருந்தால், வாசலுக்கு முன்னால் எத்தனை படி என்பதுதான் முதல் கேள்வி.

ஒரே ஊரில் இரண்டு வானிலை இருக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. சான் பிரான்சிஸ்கோவில் கோடையில் பசிபிக் கடலின் குளிர்ந்த நீர் மேல் உருவாகும் மூடுபனி மேற்குக் கரையில் இருக்கும் சன்செட் பகுதியை மூடிவிடும். பெயர் சன்செட், சூரியனைத்தான் காணோம். குன்றுகளுக்குக் கிழக்கே இருக்கும் மிஷன் பகுதியில் அதே நேரத்தில் வெயில் காயும். கேப் டவுனில் கோடையில் தென்கிழக்குக் காற்று ஆளைத் தள்ளும். மியூசன்பெர்க் கரை அந்தக் காற்றுக்கு நேராக நிற்கிறது, ஆனால் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பு. மலை மறைப்பில் இருக்கும் கிளிஃப்டனில் காற்று குறைவு, தண்ணீரோ காலை வைத்தால் விறைத்துவிடும். குழந்தைகளோடு குளிக்கப் போகிறீர்களா, மணலில் உட்காரப் போகிறீர்களா என்பதைப் பொறுத்துப் பகுதி மாறும்.

சரி, கட்டுரையாளர் அவ்வளவு சிபாரிசு செய்த 'கடல் பார்த்த அறை'க்கு வருகிறேன். எனக்கு அதில் விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் உப்புக்காற்று என்ன செய்யும் என்று தெரிந்தவன். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பு காயவே காயாது. ஒரு ஊரில் கடலுக்கு நேரான பால்கனியில் ஏசியின் வெளிப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன, அடியில் இருந்த திருகாணிகளிலிருந்து சுவரில் துருக் கண்ணீர் வழிந்திருந்தது. உள்ளே ஏசி சத்தம் மட்டும் போட்டது, குளிர்ச்சி இல்லை. ஓட்டல்காரர் பாவம், வருடா வருடம் மாற்றினால் கட்டுப்படியாகுமா? இரண்டு தெரு உள்ளே தள்ளியிருந்த அறைகளில் அதே கம்பெனி ஏசி நன்றாக ஓடியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நடுப்பகலுக்கு மேல் தரை சூடாகி, கடலிலிருந்து காற்று உள்ளே வரும். முதல் வரிசைக் கட்டடங்கள் உயரமாகவும் இடைவெளி இல்லாமலும் இருந்தால் அந்தக் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்தெரு புழுங்கும். ஆகவே உள்ளே தள்ளித் தங்குகிறவர், கடலை நோக்கி நேராகப் போகும் தெரு எது என்று பார்த்து அதில் அறை எடுப்பது நல்லது. அப்புறம், மேற்குக் கடற்கரையில் கடலைப் பார்த்த அறை என்றால் சூரிய அஸ்தமனம் அழகாகத் தெரியும், கூடவே பிற்பகல் வெயில் முழுவதும் உங்கள் படுக்கையில்தான்.

'துறைமுகக் காட்சி' என்று போட்டிருந்தால் எந்தத் துறைமுகம் என்று கேளுங்கள். உல்லாசப் படகுகள் நிற்கும் இடம் என்றால் பரவாயில்லை. கன்டெய்னர் முனையம் என்றால் இரவு பகல் கிடையாது. கிரேன், ரிவர்ஸில் வரும் வண்டிகளின் பீப் சத்தம், விடிய விடிய விளக்கு. அந்தச் சத்தத்தில் தூங்க எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டாம்.

கரையோரமாக ரயில் பாதை போகும் ஊர்களில் இன்னொரு சிக்கல். இத்தாலியின் ரிமினியில் கடற்கரை ஓட்டல்களுக்கும் பழைய நகருக்கும் நடுவில் தண்டவாளம் ஓடுகிறது. கடக்கிற வழி எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நடை. அந்தக் கடற்கரை வரிசையில் பல ஓட்டல்கள் குளிர்காலத்தில் மூடியும் இருக்கும். சீசன் இல்லாத மாதத்தில் போகிறவர், ஆண்டு முழுக்க ஜனங்கள் குடியிருக்கும் பகுதியில் தங்கினால்தான் தெருவில் விளக்காவது எரியும்.

மழைக்காலத்தை விட்டுவிட முடியாது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் சுமார் 73 மில்லிமீட்டர். ஒரே ஊர்தான்! கடல் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் பெருமழை கொட்டினால் வடிகால் நீர் கடலுக்குள் இறங்காது, தாழ்வான பகுதி ஏரியாகிவிடும். தாழ்வான இடம் எது என்று அந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஜப்பானின் பல கடற்கரை ஊர்களில் இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று கம்பத்திலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள். அறைக்குள் பெட்டியை வைத்ததும் மேட்டுக்குப் போகும் வழி எது என்று ஒருமுறை பார்த்துவிடுவேன். மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும்.

ஊர்க்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடியிருப்புகளுக்கு நடுவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் ஊர் மனிதர்களோடு பழகலாம் என்பது கட்டுரையாளரின் இன்னொரு யோசனை. பார்சலோனாவில் குடியிருப்பவர்களுக்கே வீடு கிடைக்காமல் போய், சுற்றுலா வீடுகளுக்கான 10,000-க்கும் மேற்பட்ட உரிமங்களை 2028-க்குப் பிறகு நீட்டிக்கப் போவதில்லை என்று நகர நிர்வாகம் 2024-இல் அறிவித்துவிட்டது. பார்சலோனேட்டா மாதிரி மீனவர் வாழ்ந்த நெருக்கமான தெருவில் நடு இரவில் பெட்டிச் சக்கரம் உருட்டிக்கொண்டு போகிறவரோடு பழக அங்கே யாரும் காத்திருக்கவில்லை. வீடுதான் வேண்டும் என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

ஓய்வெடுக்க மட்டும் போகிறவர், எங்கேயும் நகராமல் அலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன் என்கிறவர், நான் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடலாம். அவருக்கு முதல் வரிசை அறைதான் சரி. ஏசியை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்கட்டும்.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை இந்த மாதிரிக் கட்டுரை போடும்போது ஓட்டல் படங்களில் இரண்டைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு வரைபடம் போடுங்கள். ரயில் நிலையம், படகுத்துறை, மேடு எங்கே தொடங்குகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இவ்வளவு இருந்தால் போதும். எழுத்து பொடியாக இருந்தாலும் பாதகமில்லை, வீட்டில் பூதக்கண்ணாடி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் இன்ஜினியர், தங்கள் வாசகர்