லீல் பியேர் மொருவா விளையாட்டரங்கம்: போகிறவர்கள் கவனிக்க

உறுப்பினர்களுக்கு வணக்கம். அரங்கம் பிரான்சின் லீல் நகருக்குள் இல்லை, பக்கத்து வில்நெவ் தாஸ்க்கில் இருக்கிறது. லீல் ஃபிளாந்த்ர் ரயில் நிலையத்தில் மெட்ரோ 1ஆம் லைன் பிடித்து, கடைசி நிறுத்தமான கத்ர் கந்தோனில் இறங்குங்கள். அங்கிருந்து கால் மணி நேர நடை. 2ஆம் லைனில் வருபவர்களுக்கு லே ப்ரே நிறுத்தம்.

திரும்பும்போதுதான் சிக்கல். சுமார் 50,000 பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். ஓட்டுநர் இல்லாத அந்த மெட்ரோ வண்டிகளோ சிறியவை. டிக்கெட் எந்திரத்தின் முன் நிற்காமல் இருக்க, திரும்பும் பயணத்துக்கும் போகும்போதே வாங்கிவிடுங்கள். கத்ர் கந்தோனில் வண்டி காலியாகப் புறப்படும், லே ப்ரேயில் அப்படியில்லை.

அரங்க டிக்கெட்டில் 'போர்த்' என்றால் வாசல், 'ராங்' வரிசை, 'சியேஜ்' இருக்கை எண். தவறான வாசலுக்குப் போனால் அரங்கத்தைச் சுற்றி நடக்க வேண்டிவரும். பெரிய பை, கண்ணாடி பாட்டில், ஹெல்மெட் வேண்டாம்.

2012இல் திறந்த இந்த அரங்கத்தின் அழகே அதன் பொறியியல்தான். கூரை சுமார் அரை மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். புல்தரையின் வடக்குப் பாதி மேலெழும்பித் தெற்குப் பாதியின்மேல் நகர, அடியிலிருந்து உள்ளரங்கு ஒன்று வெளிப்படும். 2024 ஒலிம்பிக் ஹேண்ட்பால் இறுதியாட்டங்கள் அதில்தான் நடந்தன. எனவே கால்பந்துக்குப் பார்த்துவைத்த இருக்கை வரைபடத்தை உள்ளரங்கு நிகழ்ச்சிக்கு நம்பாதீர்கள். டிக்கெட் வாங்குமுன் அந்த நிகழ்ச்சிக்குரிய வரைபடத்தையே பாருங்கள்.