தங்கையை மகளாக்கிய வம்சாவளிப் படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம், வட பிரான்ஸ் பகுதி) சிற்றரசி ஜோன் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையின் வம்சாவளிப் படத்தில், மார்கரெட்டை ஜோனின் மகளாகப் போட்டிருக்கிறீர்கள். அவர் தங்கை. தந்தை பால்ட்வின் நான்காம் சிலுவைப் போருக்குக் கிளம்பிய 1202-இல் பிறந்தவர். ஜோனின் ஒரே மகள் மரி, தாய்க்கு முன்பே இறந்துவிட்டாள். அதனால்தான் 1244-இல் ஜோன் மறைந்ததும் ஆட்சி தங்கைக்குப் போயிற்று.

"கணவர் சிறைப்பட்டதால் ஆட்சி கைக்கு வந்தது" என்ற வரியும் தலைகீழ். ஃபிளாண்டர்ஸும் அதன் அண்டைச் சிற்றரசான எனோவும் ஜோனின் பிறந்த வீட்டுச் சொத்து. 1205-இல் அட்ரியானோப்பிளில் பல்கேரியரிடம் பிடிபட்ட பால்ட்வின் திரும்பவில்லை; மூத்த மகள் வாரிசானார். போர்ச்சுகல் இளவரசர் ஃபெராண்ட் 1212-இல் ஜோனை மணந்ததால்தான் சிற்றரசர் ஆனார். கிட்டத்தட்ட வீட்டோடு மாப்பிள்ளை.

அந்தப் புதுமணத் தம்பதியை ஊர் திரும்பும் வழியில் பெரோன் என்ற பிரெஞ்சு ஊரில் பிடித்து வைத்தவர் பிரெஞ்சு இளவரசர் லூயி. கட்டுரை இதை வெறும் பேராசை என்று முடித்துவிடுகிறது. லூயியின் தாய் இசபெல், பால்ட்வினின் அக்கா. லூயி ஜோனுக்கு அத்தை மகன். எர், சாந்தோமர் ஆகிய இரு ஊர்களும் இசபெலுக்குச் சீதனமாகப் போனவை. 1200-இல் பால்ட்வின் திரும்பப் பெற்றிருந்தார். தாயின் சீதனத்தைத்தான் லூயி கேட்டார், எழுதி வாங்கிய பிறகே விட்டார். ஃபெராண்ட் அந்த ஆத்திரத்தில் பிரெஞ்சு அரசரின் எதிரிகளோடு சேர்ந்து, 1214-இல் புவீன் போரில் தோற்று, 1227 வரை சிறையில் கிடந்தார்.

இந்த உறவு தெரியாவிட்டால் 1225-ஆம் ஆண்டுக் குழப்பமும் புரியாது. காட்டில் துறவியாக இருந்த ஒருவர், தாமே பால்ட்வின் என்றார். நகரங்கள் அவர் பக்கம் சாய, ஜோன் லூயியிடம் போனார். அப்போது லூயிதான் அரசர். பால்ட்வின் அவருக்குத் தாய்மாமன். பெரோனில் நடந்த விசாரணையில் கேள்விகள் எளியவை: பிரெஞ்சு அரசருக்கு எங்கே பணிந்து விசுவாச உறுதி செய்தாய், எங்கே வீரப்பட்டம் பெற்றாய், உன் மனைவி ஷாம்பெய்ன் மரியை எங்கே, எந்த நாளில் மணந்தாய்? துறவிக்குப் பதில் தெரியவில்லை. இரவோடு இரவாக ஓடினார். பிடிபட்டவர் பெர்த்ரான் என்ற ஆள், லீல் நகரில் தூக்கிலிடப்பட்டார். "பெற்ற தந்தையைக் கொன்றவள்" என்று ஜோன் மீது சுமத்திய பழியைக் கட்டுரையாளர் கேள்வி கேட்காமல் எழுதியிருக்கத் தேவையில்லை.

ஜோனின் கணவர் ஃபெராண்டின் விடுதலைக்கு 1226 மெலுன் உடன்படிக்கையில் பேசிய தொகை 50,000 லிவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்). லூயி இறந்தபின் அது பாதியானது. இதைக் கட்டுரை சரியாகவே சொல்கிறது.

மார்கரெட்டின் இரு மணங்களைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. முதல் கணவர் அவென் குடும்பத்துப் புஷார், சமயப் பட்டம் பெற்றிருந்ததால் போப் அந்த மணம் செல்லாது என்றார். அவருக்குப் பிறந்த அவென் பிள்ளைகள் முறையான வாரிசுகளா என்ற வழக்கு அங்கே தொடங்கியது. தாம்பியேர் குடும்பத்து இரண்டாம் கணவர் வழியில் தாம்பியேர் பிள்ளைகள். 1246-இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயியும் போப்பின் தூதரும் எனோவை அவென் பிள்ளைகளுக்கும், ஃபிளாண்டர்ஸை தாம்பியேர் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஆனாலும் 1253-இல் வால்கெரன் தீவில் போர் மூண்டு, தாம்பியேர் மகன் கீ சிறைப்பட்டார்.

இணையப் பதிப்பிலாவது படத்தில் மார்கரெட்டை ஜோனுக்குப் பக்கத்தில் வையுங்கள். மார்கரெட்டுக்குக் கீழே இரண்டு கிளைகள் வேண்டும்.

வாசகர், திருச்சி